எலுமிச்சம்பழத்தில் ஏறாத வண்டிகள்

பல் வைத்தியர் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை மோட்டார் சைக்கிளின் அடிவயிற்றுக்குள் விட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார் அப்புத்துரை. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்பதற்காகக் கோவில் மதிலில் சாய்ந்து, வலது இடுப்புக்கு வேலை கொடுக்காமல் இடது காலில் நின்றுகொண்டிருந்தார் வண்டிக்குச் சொந்தக்காரரான கனகசுந்தரம்.

"க்ளீன்," என்றார் அப்புத்துரை, உட்கார்ந்திருந்த முக்காலியை விட்டு எழாமலே. "வெரி க்ளீன். ஆனா பின்னால, மட்கார்டு உள்பக்கம், ஒரு சொட்டு."

"என்ன சொட்டு?"

"தண்ணி."

"காலையில தொடைச்சேனே. பனியா இருக்கும்."

"பனிக்கும் அரை மார்க் கழியும் மிஸ்டர் கனகசுந்தரம். சங்கத்துக்கு வானிலை எல்லாம் பார்க்க முடியாது."

கனகசுந்தரம் குனிந்து துடைத்தார். இடுப்பு ஒரு வார்த்தை சொன்னது. கேட்காதவர்போல நிமிர்ந்தார்.

அப்புத்துரை துறைமுகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் கப்பல்களை அதட்டியவர். ஓய்வுக்குப் பிறகு அதட்டுவதற்குக் கப்பல் கிடைக்காததால், பினாங்கு பழம்பெரும் ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிள் காப்பாளர் சங்கத்தை ஆரம்பித்து அதன் தலைவரானார். பெயரில் இருக்கும் 'காப்பாளர்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஓட்டுநர் சங்கம் என்று வைக்கலாமே என்று முதல் கூட்டத்தில் யாரோ சொன்னபோது, "ஓட்டுறவன் ஊர் பூரா இருக்கான். காப்பாத்துறவன்தான் இல்லை," என்று அவர் பதில் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அவருக்கே ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் கிடையாது. வீட்டில் மூன்று துணி போர்த்தி வைத்திருக்கும் தன் வண்டியைப் பார்க்கக்கூட மருமகனின் துணை வேண்டும், துணி விலக்க. ஆனாலும் வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு, டார்ச் விளக்கும் பல் கண்ணாடியுமாக உட்கார்ந்துவிட்டால், பினாங்கில் எந்தப் பழைய மோட்டார் சைக்கிளுக்கும் விலை சொல்லும் அதிகாரம் அவருக்கு வந்துவிடும். அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. கையுறையைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது.

கனகசுந்தரத்தின் வண்டி 1959-ம் வருடத்து பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டார். ஒற்றை சிலிண்டர், தாழ்ந்த கைப்பிடி, முதுகை வளைத்துப் படுத்து ஓட்டும் பந்தய ஜாதி. பட்டர்வொர்த் விமானத் தளத்திலிருந்த ஓர் ஆஸ்திரேலியச் சிப்பாய் விட்டுவிட்டுப் போனது. ஜெலுத்தோங்கில் ஒரு பழைய இரும்புக் கடையில் கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்ததை 1978-ல் கனகசுந்தரம் கண்டெடுத்தார். தண்ணீர் இலாகாவில் குமாஸ்தா வேலை போக மிச்சமிருந்த நேரமெல்லாம் வீட்டு முன் கூரையடி நடைபாதையான அஞ்சடியில் அதோடுதான் குந்தியிருந்தார். ஒரு வருடம் துரு சுரண்டினார். ஒரு வருடம் கார்புரேட்டர் தேடினார். சக்கரக் கம்பிகளுக்கு ஒரு வருடம். டாங்குக்கு வெள்ளிப் பெயின்ட் சரியான நிறத்தில் கிடைக்க இரண்டு வருடம். அத்தனை வருடமும் அவர் மனைவி செல்வநாயகி துணி காயவைக்க இடமில்லாமல் பக்கத்து வீட்டு அஞ்சடியில் போய்க் காயவைத்தாள்.

அவர் வேலையை ஆரம்பித்தபோது அக்கரைக்குப் போக ஃபெரிதான் உண்டு. ஒரு நாள் இந்த வண்டியில் ஃபெரி ஏறி, புக்கிட் மெர்தாஜாம் வரைக்கும் போய் வரவேண்டும் என்று அப்போது நினைத்தார். அவர் மட்கார்டுக்குக் குரோமியம் பூசிக்கொண்டிருந்த காலத்தில் அரசாங்கம் கடலுக்கு நடுவில் பதின்மூன்று கிலோமீட்டர் பாலம் ஒன்றையே கட்டித் திறந்துவிட்டது. சரி, பாலத்தில் போகலாம் என்று ஆசையைத் திருத்திக்கொண்டார். பாலம் திறந்தும் இரண்டு வருடம் ஆகிவிட்டது.

வண்டி முடியாமல் இல்லை. முடிந்துவிட்டது. அதுதான் சிக்கல். முடிந்த வண்டியை அப்புத்துரை வந்து மதிப்பிட்டார். ஒரு புது சாகா காரின் விலை என்றார். சங்கத்து முத்திரை குத்திய மதிப்பீட்டுச் சான்றிதழ் ஹாலில் முருகன் படத்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் மேலே, ஏறியது. வருகிறவர்களெல்லாம் படித்தார்கள். தண்ணீர் இலாகாவில் அவருக்கு மேலே இருந்த அதிகாரிகூட ஒரு தடவை தீபாவளிக்கு வந்து, படித்து, "ஓ" என்றார். கனகசுந்தரத்தின் வாழ்க்கையில் அந்த ஆளிடமிருந்து வந்த ஒரே மரியாதை அந்த "ஓ" தான்.

சான்றிதழின் கடைசி வரி: 'இம்மதிப்பு வாகனம் ஓட்டப்படாத நிலையில் மட்டுமே செல்லும்.'

ஆகவே ஓட்டவில்லை. டயரில் புதிதாக வரும்போது இருக்கும் ரப்பர் முடிகள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு முடிக்கும் போட்டியில் மதிப்பு உண்டு. போகவேண்டிய இடத்துக்கெல்லாம் கனகசுந்தரம் தன் பழைய ஹோண்டா கப்சாயில் போனார். அரிசி மூட்டையோ, கேஸ் தொட்டியோ, செல்வநாயகியோ, எது ஏறினாலும் முனகாமல் இழுக்கும் சின்ன வண்டி அது. அதற்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

இந்த வருடம்தான் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. டிசம்பரில் வெட்டி மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு மோட்டார் சைக்கிளில் கால் தூக்கிப் போடக்கூடாது. உதைத்து ஸ்டார்ட் செய்வது என்ற பேச்சே கிடையாது.

"டிசம்பருக்கு முந்தி ஒரு தடவை ஓட்டணும் தலைவரே," என்று கனகசுந்தரம் இப்போது துடைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னார். "பாலத்துல அக்கரைக்குப் போய்ட்டுத் திரும்பணும். அவ்வளவுதான்."

அப்புத்துரை கையுறை விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்தார். "தாராளமா ஓட்டலாம். ஆனா ஜனவரியில கோலாலம்பூர்ல தேசிய கண்காட்சி. நம்ம சங்கத்துக்கு இருக்குற ஒரே நம்பிக்கை உங்க வண்டி. அது முடியட்டும்."

"ஜனவரியில எனக்குக் கால் இருக்காதே."

"வண்டி இருக்கும்ல?" என்றார் அப்புத்துரை. ஆறுதல் சொல்கிற தொனியில்தான் சொன்னார்.

அன்று நவராத்திரி முடிந்த ஞாயிற்றுக்கிழமை. மதியம் பாடாங் திடலில் சங்கத்தின் வருடாந்தரப் போட்டி. அதற்கு முன்னால் பிள்ளையார் கோவில் வளாகத்தில் எல்லா வண்டிகளுக்கும் வாகன பூசை செய்வதென்று செயற்குழுவில் தீர்மானமாகியிருந்தது. வண்டிகள் எல்லாம் சூலியா தெரு ஹனீபாவின் லோரியில்தான் கோவிலுக்கு வந்தன. அதிலேயேதான் பாடாங்குக்கும் போகும். சங்கத்து வண்டிகள் எங்கே போனாலும் லோரியில்தான் போகும். லோரியில் ஏற்றும்போது தீப்பிடிக்கக்கூடாது என்பதற்காக டாங்கில் ஒரு கோப்பைக்கு மேல் பெட்ரோல் இருக்கக்கூடாது என்று விதி. போன முறை ஹனீபா கேட்டான்: "அண்ணே, என் லோரி வருஷத்துல நாலு தடவ ஓட்டப் பந்தய மோட்டரத் தூக்கிட்டு ஓடுது. பரிசு யாருக்கு? எனக்குத்தானே கொடுக்கணும்?" யாரும் சிரிக்கவில்லை.

குருக்கள் வந்தார். காலையிலிருந்து டாக்சிகளுக்கும் பள்ளி பஸ்களுக்கும் பூசை செய்து களைத்திருந்தார். வேட்டியில் மஞ்சளும் கறுப்பு எண்ணெயும் இருந்தன. வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்து, சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முதல் டாங்கை நோக்கி விரலை நீட்டினார்.

"ஐயா, ஐயா!" என்று கூச்சல் எழுந்தது. "பெயின்ட்! பெயின்ட்!"

அதற்கும் செயற்குழு ஏற்கெனவே வழி கண்டிருந்தது. ஒவ்வொரு டாங்கின் மேலும் பிளாஸ்டிக் தாள் விரிக்கப்பட்டது. குருக்கள் பிளாஸ்டிக்குக்குச் சந்தனம் வைத்தார். பிளாஸ்டிக்குக்குக் குங்குமம் வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இருபது வருடமாக மனிதர்களுக்கும் தெய்வத்துக்கும் நடுவில் நிற்பவருக்கு முகத்தை அப்படி வைத்துக்கொள்ளத் தெரியும்.

தேங்காய் உடைந்தது. கற்பூரம் தூரத்தில் காட்டப்பட்டது, புகை குரோமியத்தில் படாத தூரத்தில். பிறகு குருக்கள் கூடையிலிருந்த எலுமிச்சம்பழங்களை எடுத்து ஒவ்வொரு வண்டியின் முன்சக்கரத்துக்கு அடியிலும் ஒன்று வைத்துக்கொண்டே போனார். கடைசி வண்டி கனகசுந்தரத்தினுடையது. வைத்து நிமிர்ந்து, "ம், எடுங்க," என்றார்.

யாரும் எடுக்கவில்லை.

"வண்டிய எடுங்க. பழத்த நசுக்குங்க. எனக்கு ஆயர் ஈத்தாம்ல கிரகப்பிரவேசம் இருக்கு."

காப்பாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இதை யாரும் யோசிக்கவில்லை. சந்தனத்துக்கு யோசித்தார்கள், கற்பூரத்துக்கு யோசித்தார்கள். ஆனால் வாகன பூசை என்றால் கடைசியில் வாகனம் நகர வேண்டியிருக்கும் என்பது அத்தனை பேர் மூளையிலிருந்தும் விடுபட்டுப் போயிருந்தது.

"ஐயா," என்றார் அப்புத்துரை, "எலுமிச்சம்பழம் ஆசிட். அலுமினிய ரிம்முல பட்டா வெள்ளையா படர்ந்துடும். டயர்ல பட்டா கறை. இதெல்லாம் காட்சிக்குரிய வாகனங்கள்."

"வண்டிதானே?"

"வண்டிதான். ஆனா ஓடுற வண்டி இல்ல."

"ஓடாத வண்டிக்கு எதுக்குப் பூசை?" என்றார் குருக்கள். நியாயமான கேள்வி. அவசரத்தில் இருக்கிறவர்கள்தான் நியாயமான கேள்வி கேட்பார்கள்.

பழத்தைச் சும்மா எடுத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். நசுக்காமல் எடுத்தால் பூசை முடியாது, முடியாத பூசை ஆரம்பிக்காததைவிட மோசம் என்றார் குருக்கள். கூட்டத்தில் கலக்கம். ஓட்டாத வண்டிக்கு விபத்து வராது என்பது உண்மைதான். ஆனாலும் தோஷம் என்று ஒன்று வந்தால் அது விலையைத்தானே பாதிக்கும்? அந்த இடத்திலேயே, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், அவசரக் கூட்டம் கூடியது. வண்டியைத் தூக்கிப் பழத்தின் மேல் காட்டிவிட்டு இறக்கலாம் என்று ஒரு யோசனை. சக்கரத்துக்குப் பிளாஸ்டிக் பை கட்டலாம் என்று இன்னொன்று. அப்புத்துரை கண்ணை மூடி, துறைமுகக் காலத்துத் தோரணையில் கையை உயர்த்தினார்.

"லோரி," என்றார்.

எல்லோரும் திரும்பி லோரியைப் பார்த்தார்கள்.

"நம்ம வண்டிகள எல்லா இடத்துக்கும் கொண்டுபோறது லோரி. ஆகவே நம்ம வண்டிகளோட பிரதிநிதி லோரி. எல்லாப் பழத்தையும் சேர்த்து லோரிக்கு அடியில வைப்போம். லோரி எல்லார் சார்பிலயும் நசுக்கும்."

ஆஹா என்றது சங்கம். ஒருமனதாக நிறைவேறியது.

ஹனீபா பீடியைக் கீழே போட்டான். "அண்ணே, இது என்னாலா? கடைசில என் லோரிக்குப் பூசையா? வீட்டுல கேட்டா நான் என்ன சொல்ல?"

"சங்கத்து வேலைன்னு சொல்லு."

"எனக்கு ஒண்ணும் இல்ல, ஐயருக்குச் சரின்னா சரி," என்று குருக்களைப் பார்த்தான். குருக்கள் ஹனீபாவைப் பார்த்தார். அந்த வளாகத்தில் வேலை செய்து பிழைக்கிறவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். குருக்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏதாவது நசுங்கட்டும்," என்றார்.

பழங்களைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். கனகசுந்தரத்தின் வண்டிக்கு அடியிலிருந்த பழத்தை எடுக்க அப்புத்துரையே கையுறையோடு குனிந்தார்.

"அத விடுங்க," என்றார் கனகசுந்தரம்.

அவருக்கே தன் குரல் புதிதாக இருந்தது. துணிச்சல் என்று சொல்ல முடியாது. துணிச்சல் என்றால் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டும். இது அலுப்பு. ஒன்பது வருடம் ஒரு வண்டியைத் துடைத்தவனுக்கு, அதன் சார்பில் ஒரு லோரி எலுமிச்சம்பழத்தை நசுக்கப்போவதைப் பார்க்கும்போது வரும் அலுப்பு.

"என்ன மிஸ்டர் கனகசுந்தரம்?"

"என் பழத்த நான் நசுக்கிக்கிறேன்."

"சான்றிதழ்ல கடைசி வரி ஞாபகம் இருக்கா?"

"தினம் படிக்கிறேனே. முருகனுக்குப் பக்கத்துலதான் இருக்கு."

வேட்டியை மடித்துக் கட்டினார். வண்டிக்கு இடது பக்கமாகப் போய், இரண்டு கையாலும் வலது காலைத் தூக்கி, ஒரு சாமானை அந்தப் பக்கம் போடுகிற மாதிரி சீட்டுக்கு மேல் போட்டார். பிளாஸ்டிக் தாளை உருவி எறிந்தார். பெட்ரோல் குழாயைத் திறந்தார், கார்புரேட்டரின் சின்னப் பொத்தானைப் பெட்ரோல் கசியும்வரை அழுத்தினார். எல்லாம் மனப்பாடம். அஞ்சடியில் ஆயிரம் தடவை பொய்யாகச் செய்து பார்த்தது.

உதைத்தார். வண்டி திருப்பி உதைத்தது. இடுப்பில் தீக்கங்கு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சொன்னேன் பாருங்க," என்றார் அப்புத்துரை யாரிடமோ. "இந்த வயசுல."

மறுபடியும் உதைத்தார். ஒரு இருமல். இன்னொரு தடவை, காலால் இல்லை, உடம்பு முழுவதையும் ஒரு மூட்டையாக அதன் மேல் போட்டார். அவ்வளவுதான். மதில் மேலிருந்த புறாக்கள் அத்தனையும் எழும்பின. கோவில் மணியோசைக்குப் பழகிய காதுகள் எல்லாம் பொத்திக்கொண்டன. காப்பாளர் சங்கத்தில் பாதிப் பேருக்கு அந்தச் சத்தம் முதல் தடவை. அவர்கள் இவ்வளவு காலமும் காப்பாற்றியது இதைத்தான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

செல்வநாயகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வண்டி லோரியில் வந்ததால் அவர்கள் இருவரும் கப்சாயில் வந்திருந்தார்கள். அவள் கையில் ஹெல்மெட் இருந்தது. சாதாரணமாக எல்லோரையும்போல் பேசுகிறவள்தான். கோபம் வந்தால் மட்டும் அம்மா வீட்டு யாழ்ப்பாணத் தமிழ் எட்டிப் பார்க்கும்.

"இஞ்சருங்கோ. போறதெண்டால் இதைப் போட்டுக்கொண்டு போங்கோ. பொலிஸ்காரனுக்கு உங்கட சான்றிதழைக் காட்டேலாது."

போட்டுக்கொண்டார். கிளச்சை விட்டார். முன்சக்கரத்துக்கு அடியில் பழம் புளிச்சென்று வெடித்துச் சாறு அலுமினிய ரிம்மில் தெறித்தது. சங்கம் மொத்தமும் முகத்தைச் சுளித்தது, அதன் பல்லில் பட்டதுபோல. குருக்கள், "ஆச்சு, ஒரு வண்டியாவது," என்று செருப்பைத் தேடினார்.

வண்டி நிற்கவில்லை. வாசல் தாண்டி, இடது பக்கம் பாடாங்குக்குப் போகாமல் வலது பக்கம் திரும்பியது.

ஒன்பது வருடம் காத்திருந்த சவாரி எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். மோசமாக இருந்தது. தாழ்ந்த கைப்பிடி முதுகை வில்லாக வளைத்தது. உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் நின்றது. இந்தப் படுக்கை இருபது வயது ஆஸ்திரேலியனுக்குச் செய்தது, தண்ணீர் இலாகாக் குமாஸ்தாவுக்குச் செய்தது அல்ல. வேட்டி காற்றில் அவிழ்ந்து பின்னால் கொடியாகப் பறந்தது. நல்லவேளை, உள்ளே அரைக்கால் சிலுவார் போட்டிருந்தார். ஜெலுத்தோங் மார்க்கெட் அருகே ஒரு சீனப் பாட்டி, பின்னால் பேரனும் முன்னால் முட்டைக்கோசுக் கூடையுமாக, கப்சாயில் அவரைத் தாண்டிப் போனாள். பந்தய வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதற்குத்தானா என்று நினைத்தார். இதற்குத்தான் என்றும் நினைத்தார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்ததால் முடிவு ஒன்றும் எடுக்காமல் ஓட்டினார். தொடைகளுக்கு நடுவில் டாங்க் அதிர்ந்தது. இத்தனை வருடமும் குளிர்ந்தே கிடந்த இரும்பு, முதல் தடவையாக, யாரோ உயிரோடு இருக்கிற மாதிரி சுட்டது. குளுகோர் தாண்டிப் பாலத்தின் ஏற்றம் கண்ணில் பட்டபோது அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது. ஒரு பூச்சி உள்ளே போனது.

அந்த ஏற்றத்தின் அடியில் வண்டி இருமியது. இரண்டு துள்ளல். நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. காலையில் தன் கையாலேயே பெட்ரோலை வடித்து ஒரு கோப்பை அளவு விட்டவர் அவர்தான். விதி. விதியை எழுதிய கூட்டத்தில் கைதூக்கியவரும் அவர்தான்.

சாலை ஓரத்தில் வண்டி மேல் உட்கார்ந்த நிலையிலேயே இருந்தார். இறங்கினால் மறுபடி ஏற முடியாது என்று இடுப்பு சொல்லிவிட்டது. எவ்வளவோ வண்டிகள் போயின. பிறகு பின்னால் பழக்கமான ஒரு சின்னச் சத்தம் கேட்டது. செல்வநாயகி கப்சாயில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஹனீபாவின் லோரி. லோரியின் முன்சீட்டிலிருந்து முதலில் ஒரு முக்காலி இறங்கியது, பிறகு அப்புத்துரை.

"மினியாக் ஹாபிஸ்," என்று ஹனீபா தூரத்திலேயே கண்டுபிடித்துவிட்டான். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்பதைச் சொல்லும்போது அவன் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. "காப்பாத்தின வண்டி கவுத்திருச்சிலா அண்ணே!"

அப்புத்துரை சாலை ஓரத்துப் புல்லில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். டார்ச்சை எடுத்தார், பட்டப்பகலில். பல் கண்ணாடியை எடுத்தார். முன்சக்கரத்தைப் பார்த்து, "கறை," என்றார். டயரைத் தடவி, "முடி இல்ல," என்றார். ஒரு மனிதனைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் இருந்தது. பிறகு என்ஜினிலிருந்து வளைந்து வரும் எக்ஸாஸ்ட் குழாயில் வெளிச்சம் அடித்தவர் அப்படியே கையை நிறுத்திவிட்டார். பளபளவென்றிருந்த குரோமியம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. மயில் கழுத்து நீலம்.

"நீலமாயிருச்சு," என்றார். குரல் உடைந்தது. "இது போகாது. என்ன பண்ணினாலும் போகாது."

துடைத்தால் போகுமா என்று கை தன்னால் நீண்டது. கையுறை குழாயில் பட்டு ஸ்ஸென்றது. "ஐயோ!" என்று உதறினார். வெள்ளைப் பருத்தியில் பழுப்பாக ஒரு வட்டம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சூடாவா இருக்கும்?" என்று கேட்டார்.

"ஓடினா சூடாகும் தலைவரே," என்றார் கனகசுந்தரம்.

அதில் ஏளனம் இல்லை. ஏளனம் செய்யத் தெம்பில்லை. அப்புத்துரை கையுறையைக் கழற்றி, விரலை வாயில் வைத்துக்கொண்டார். அவருடைய கை முதியவர் ஒருவரின் கையாக, புள்ளி விழுந்து, சாதாரணமாக இருந்தது. கனகசுந்தரம் அதை இதற்கு முன் பார்த்ததில்லை.

"போச்சு," என்றார் அப்புத்துரை, விரலை எடுத்துவிட்டு. "சாகா விலை போச்சு. இப்ப இது," அவர் கண் அங்குமிங்கும் அலைந்து செல்வநாயகியின் வண்டியில் நின்றது, "ஒரு கப்சாய் விலைதான் பெறும். சான்றிதழ இறக்கிடுங்க."

கனகசுந்தரம் இந்தச் செய்தி வலிக்கும் என்று காத்திருந்தார். இடுப்பு வலித்தது, முதுகு வலித்தது, மணிக்கட்டு வலித்தது. இது மட்டும் வலிக்கவில்லை.

"அப்ப இனிமே ஓட்டலாம்," என்றார்.

"அது... ஓட்டலாம். கெடுறதுக்கு என்ன இருக்கு?"

"நல்லதாப் போச்சு," என்றாள் செல்வநாயகி. "சுவர்ல ஆணி இருக்கு. காலண்டர் மாட்டலாம்."

ஹனீபா லோரியிலிருந்து ரப்பர் குழாயை எடுத்து வந்தான். கப்சாயின் டாங்கிலிருந்து வாயால் உறிஞ்சி, துப்பி, ஒரு எண்ணெய் டின்னில் பிடித்து, கோல்ட் ஸ்டாருக்கு ஊற்றினான். சான்றிதழ் இல்லாத வண்டியின் பெட்ரோலை அது மறுக்காமல் குடித்தது.

"உதைங்க அண்ணே."

கனகசுந்தரம் காலைத் தூக்கப் பார்த்தார். கால் வரவில்லை. கையால் பிடித்துத் தூக்கினார். முழங்கால்வரை வந்து விழுந்தது. டிசம்பர் என்று டாக்டர் சொன்னது உண்மையில் இன்றைக்கே வந்துவிட்டது போலிருந்தது. அவர் பாலத்தைப் பார்த்தார். ஒரு கூப்பிடு தூரம். கண் கலங்கியது பூச்சியால் இல்லை.

"முடியல," என்றார்.

ஹனீபா சாரத்தை மடித்துக் கட்டினான். "தள்ளினா எடுக்கும். நான் ஒருத்தன் போதாது. ஏத்தம் வேற." திரும்பிப் பார்த்தான். "தலைவரே, வர்றீங்களா?"

அப்புத்துரை சுற்றிலும் பார்த்தார். சங்கத்து ஆள் ஒருவரும் இல்லை. எல்லோரும் கோவிலிலேயே லோரிக்காகக் காத்திருப்பார்கள். அவர் முக்காலியை மடித்தார். கையுறையைச் சட்டைப்பைக்குள் செருகினார். சீட்டின் பின்பக்கத்தில், தான் மட்டும் மார்க் கழிக்க உரிமையுள்ள அந்த இடத்தில், வெறுங்கையை வைத்தார்.

தள்ளினார்கள். துறைமுகத் தலைமைக் குமாஸ்தா ஓடினார். மூச்சிரைத்தது, மூக்குக்கண்ணாடி நழுவியது, "எங்க... எங்க விடணும்?" என்று கத்தினார். "விடாதீங்க, விடாதீங்க!" என்று கத்தினான் ஹனீபா. கனகசுந்தரம் கிளச்சைப் பட்டென்று விட்டார். பின்சக்கரம் இழுபட்டு, என்ஜின் வெடித்து, வண்டி அவர்கள் கையை விட்டுப் பறித்துக்கொண்டு போனது. அப்புத்துரை புல்லில் உட்கார்ந்துவிட்டார், முக்காலி இல்லாமலே.

பாலத்தில் காற்று அதிகம். இரண்டு பக்கமும் கடல் வெயிலில் தகரம்போலக் கிடந்தது. கனகசுந்தரத்தால் அதைப் பார்க்க முடியவில்லை. அந்த வண்டியில் படுத்திருக்கிறவனுக்கு முன்சக்கரமும் தாரும்தான் தெரியும். தலையைத் தூக்கினால் கழுத்து பிடித்தது. பாதிப் பாலத்தில் செல்வநாயகி கப்சாயில், நிமிர்ந்து உட்கார்ந்து, கடலை நன்றாகப் பார்த்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போனாள். தாண்டும்போது இடுப்பில் செருகியிருந்த பர்ஸைத் தட்டிக் காட்டினாள். இந்தப் பாலத்தில் தீவை விட்டுப் போகக் காசில்லை. திரும்பி வரத்தான் டோல். வேட்டி கட்டிக்கொண்டு வந்தவனிடம் அதற்குக் காசு இருக்காது என்று இந்த உலகத்தில் யோசித்தவள் அவள் ஒருத்திதான்.

அக்கரையில், பிறை என்ற ஊரில், சாலையோரம் ஒரு மரத்தடியில் அவள் காத்திருந்தாள். அவர் பக்கத்தில் போய் நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"முதுகு போச்சு," என்றார்.

"அது தெரியுது. வேற?"

"சூடா இருக்கு. தொட்டுப் பாரு."

அவள் டாங்கில் உள்ளங்கையை வைத்தாள். ஒன்பது வருடம் துணி காயவைக்க விடாத சாமான். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

"சரி, இறங்குங்க. ஏதாவது தண்ணி குடிச்சிட்டுப் போவோம். எதிர்ல கடை இருக்கு."

கனகசுந்தரம் வலது காலைப் பார்த்தார். அது அவருக்குச் சம்பந்தமில்லாததுபோல அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

"இறங்க முடியாதுன்னு நினைக்கிறேன்," என்றார்.

செல்வநாயகி பெருமூச்சு விட்டு, பர்ஸைத் திறந்து, டோலுக்குச் சில்லறையை எண்ணாமல் எடுத்து அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். இரண்டு கையும் கைப்பிடியில் இருந்ததால் அவர் நாணயங்களைப் பல்லில் கவ்விக்கொண்டார்.

"அப்பத் திரும்ப ஓட்டுங்க," என்றாள். "வீட்டுக்குப் போய் யாரையாவது கூப்பிட்டு இறக்கிக்கலாம்."